கேன்சலக்காவுக்குத் தெரிந்த மூன்று வார்த்தைகள்

அச்சாகி வந்த காகிதங்களால் இந்த நாட்டுக்கு எவ்வளவு நன்மை விளைந்தது என்று எனக்குத் தெரியாது. அச்சாகாமல் போன காகிதங்களால் விளைந்த நன்மை மொத்தமும் ஒரே ஒருவரைத்தான் சேரும். அவர் கேன்சலக்கா.

வருகைப் பதிவேட்டில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி எங்கள் அலுவலகத்தில் விசாரித்தால், "அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்பார்கள். ஒரு முறை அவருக்கு வந்த பதிவுத் தபாலே அப்படித் திரும்பிப் போனது. திருப்பி அனுப்பியதே அவர்தான் என்றும் ஒரு பேச்சு உண்டு.

கொல்லிமலையில் ஓர் அரசு அலுவலகம். எந்த இலாகா என்று சொல்ல மாட்டேன். அங்கே என்னோடு வேலை பார்த்தவர்கள் பலர் இன்னும் ஓய்வு பெறவில்லை. நான் தூத்துக்குடிப் பக்கம் உப்பளக் காற்றில் வளர்ந்தவன். முதல் வேலையே மலைமேல் கிடைத்தது. ஸ்வெட்டர் என்பது சினிமாவில் டூயட் பாடும்போது போடுகிற உடுப்பு என்று நினைத்திருந்தவன், ஆடி மாதத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மாட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

அக்காவுக்குக் காளப்பநாயக்கன்பட்டி. ஐம்பதை நெருங்கியவர். தினமும் காலையில் பஸ்ஸில் எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருவார், சாயங்காலம் அதே எழுபது இறங்குவார். அலுவலகத்தின் ஒரே பிரிண்டர் அவருடைய கம்ப்யூட்டரோடு சேர்ந்திருந்தது. நாங்கள் யார் எதை அச்சடிக்க அனுப்பினாலும் அது முதலில் அவருடைய கம்ப்யூட்டரில் போய் வரிசையில் நிற்க வேண்டும். கோயிலில் பூசாரியைத் தாண்டித்தான் சாமி என்பது போல.

அவர் அந்த இடத்துக்கு வந்த கதையை எனக்கு மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். மூன்றிலும் பொதுவாக இருந்ததைச் சொல்கிறேன்.

ஒருநாள் மேலாளர் ஏதோ ஒரு கோப்பை அச்சடிக்கக் கொடுத்திருக்கிறார். பிரிண்டருக்கு என்ன பிடித்ததோ, பக்கத்துக்கு ஒரு வரி வீதம், அதுவும் எந்த மொழியிலும் சேராத எழுத்துகளாக அடிக்க ஆரம்பித்திருக்கிறது. மேலாளர் பிளக்கைப் பிடுங்கினார். நின்றது. மறுபடி செருகினார். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. காகிதத்தை உருவினார். சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு காத்திருந்தது. காகிதத்தை வைத்தார். தொடர்ந்தது. மத்தியானத்துக்குள் இரண்டு கட்டுக் காகிதம் காலி. காகிதக் கட்டு எங்களுக்குச் சும்மா வருவதில்லை. அதுவும் எழுபது வளைவு ஏறி வர வேண்டும்.

கீழேயிருந்து ஓர் இன்ஜினியரை வரவழைத்தார்கள். அவர் பாவம் முப்பதாவது வளைவிலேயே வாந்தி எடுக்கத் தொடங்கி, அலுவலகத்துக்கு வந்து சேரும்போது கையில் ஓர் எலுமிச்சம்பழமும் உடம்பில் பாதி உயிரும்தான் வைத்திருந்தாராம். நேராகப் பெஞ்சில் படுத்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "யாராச்சும் உக்காந்து நான் சொல்றத அடிங்க" என்றிருக்கிறார். அப்போது பக்கத்தில் நின்ற ஒரே ஆள் அக்கா.

கருப்புத் திரை ஒன்று திறந்தது. படமில்லை, பொத்தானில்லை, எலியை நகர்த்தினாலும் பயனில்லை. வெறும் எழுத்து. இன்ஜினியர் மூன்று வார்த்தை சொல்லிக்கொடுத்தார். முதலாவது, வரிசையில் என்னென்ன நிற்கிறது என்று பார்க்க. இரண்டாவது, கேன்சல் என்று அடித்துப் பக்கத்தில் எண்ணை அடித்தால் அந்த ஒன்று மட்டும் நிற்கும். மூன்றாவது, கேன்சலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடும் 'ஏ'யும். "ஏ-ன்னா எல்லாம். எல்லாம் போயிரும். பார்த்துப் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு அவர் தூங்கிப் போனார்.

அக்கா மூன்றாவதை அடித்தார். பிரிண்டர் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. காலையிலிருந்து ஓர் அலுவலகத்தையே ஆட்டிவைத்த பூதம் ஒரு வரியில் அடங்கியது. அந்த நிமிஷத்தில் அக்காவுக்குள் ஏதோ திறந்துகொண்டது என்கிறார்கள்.

அன்றிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் அவர் பொறுப்பு. அதற்குப் பிறகு அலுவலகத்தில் யாரும் நிம்மதியாக எதையும் அச்சடித்ததில்லை.

நான் சேர்ந்த முதல் வாரம் ஒரு கடிதம் அனுப்பினேன். பிரிண்டர் தொண்டையைச் செருமிவிட்டு அமைதியானது. அக்கா தன் இடத்திலிருந்தே சொன்னார். "தம்பி, அதுல ஒரு தப்பு இருக்குதுங்க. பாருங்க."

பார்த்தேன். தேதி தப்பு. திருத்தி அனுப்பினேன். மறுபடி செருமல், மறுபடி அமைதி. "இன்னும் ஒண்ணு இருக்குதுங்க." பார்த்தேன். பெறுநர் முகவரியில் என் முகவரி இருந்தது. மூன்றாவது முறை, "இப்ப செரிங்க" என்று விட்டார்.

இந்த அம்மாளுக்கு ஞானக்கண் என்று முடிவு கட்டினேன். அலுவலகமே அப்படித்தான் நம்பியது. ஒரு மாதம் கழித்து, அவர் தோளுக்குப் பின்னால் நின்று அந்தக் கருப்புத் திரையைப் பார்க்கும் வாய்ப்பு வந்தது. அனுப்பியவர் யார், வரிசை எண் என்ன, கோப்பின் பெயர் என்ன, எவ்வளவு பெரிசு. அவ்வளவுதான். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு எழுத்துகூட அதில் தெரியாது.

"அக்கா, அப்ப தப்பு இருக்குன்னு எப்படிச் சொல்றீங்க?"

அவர் அக்கம் பக்கம் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். "தப்பு இல்லாத லெட்டரு நம்ம ஆபீஸ்ல நான் பார்த்ததில்லீங்க தம்பி."

மேலாளருக்கும் அவருக்கும் ஒரு பழைய பகை இருந்தது. மேலாளரின் மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் உலக அதிசயங்கள் பற்றிக் கலர் படத்தோடு கட்டுரை கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அப்பா அலுவலகப் பிரிண்டரில் அனுப்பினார். கோப்பின் பெயரைப் பார்த்ததும் அக்காவின் விரல் நகர்ந்தது. தாஜ்மகால் அடித்தளம் வரை வராமல் மேலே கோபுரமும் பாதிச் சுவருமாக அந்தரத்தில் நின்றுவிட்டது.

மேலாளர் அந்தப் பாதிக் காகிதத்தோடு வந்து நின்றார். "என்னம்மா இது?"

"ஷாஜகானுக்கே இருபது வருசமாச்சுங்க சார். உங்க பையனுக்கு என்னங்க அவசரம்?"

பையன் அந்தப் பாதியை ஒட்டியே கொண்டுபோனான். ஆசிரியர் மீதியையும் கட்டி முடித்து வரச் சொன்னாராம்.

வெளியிலும் அக்கா அப்படித்தான். டீக்கடையில் டீ சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் தாமதமானால், "கேன்சல் பண்ணிருங்க" என்று எழுந்து போய்விடுவார். கடைக்காரர், கடைசி வளைவில் அக்காவின் பஸ் ஹார்ன் கேட்டதுமே பாலை அடுப்பில் வைக்கக் கற்றுக்கொண்டார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். இதில் நான் அவ்வளவு நல்லவனாக வர மாட்டேன்.

மலையிலேயே உள்ளடங்கிய பெரக்கரை நாடு என்ற பகுதியிலிருந்து ஒரு விவசாயி, தன் மகளோடு நடையாய் நடந்துகொண்டிருந்தார். பெண்ணின் பெயர் மல்லிகா. நாமக்கல்லில் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. விடுதியில் இடம் கிடைக்க எங்கள் அலுவலகத்தின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். அந்த விண்ணப்பம் என் மேசைக்குத்தான் வந்தது. வந்த பிறகு காணவில்லை. அவர்கள் வரும்போதெல்லாம், "பார்த்துச் சொல்றேன், நாளைக்கு வாங்க" என்று அனுப்பிக்கொண்டிருந்தேன். கடைசி நாளும் வந்தது. அன்று மாலை ஐந்து மணிக்குள் கடிதம் நாமக்கல் போய்ச் சேர வேண்டும்.

மேலாளரே வந்து என் மேசையைத் துழாவினார். வேறொரு கோப்பின் முதுகில் விண்ணப்பம் ஒட்டிக்கொண்டிருந்தது. பலாப்பால் போட்டு ஒட்டினால் எப்படி ஒட்டுமோ அப்படி. உண்மையில் பலாப்பால் போட்டுத்தான் ஒட்டியிருந்தது. மேசையில் வைத்துச் சுளை உரித்துத் தின்றவன் நான்தான்.

"ஏம்ப்பா, இது ஆபீஸா, பலாப்பழ மண்டியா?" என்றார் மேலாளர். மல்லிகாவும் அவள் அப்பாவும் நின்றிருந்தார்கள். அலுவலகம் முழுக்க நிமிர்ந்து பார்த்தது. "இந்தப் புள்ளை எத்தனை தடவ அலைஞ்சிருக்கு. உனக்கெல்லாம் எதுக்கு இந்த வேலை? எழுதிக் குடுத்துட்டு ஊருக்குப் போய் உப்பு அள்ளு."

என் அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர். மேலாளருக்கு அது தெரியாது. ஏதோ ஊரை வைத்துச் சொல்லிவிட்டார். ஆனால் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

மேலாளர் தன் அறைக்குள் போய், இரண்டு விரலால் தட்டி, பரிந்துரைக் கடிதத்தைத் தானே தயார் செய்து அச்சடிக்க அனுப்பினார். மேலாளருக்கு ஒரு பழக்கம். கம்ப்யூட்டர் 'சேமிக்கவா?' என்று கேட்டால் 'வேண்டாம்' என்பார். வீட்டில் மிச்சச் சோற்றைக்கூட வைக்காதவர். வரிசையில் முன்னால் ஊர்வாரி வீடுகளின் பட்டியல் ஒன்று, அறுபது பக்கம், ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் அவர் கடிதம் நின்றது.

நான் என் இடத்தில் உட்கார்ந்து ராஜினாமா எழுதினேன். கோபத்தில் இருப்பவனுக்குக் கோப்புக்குப் பெயர் வைப்பதில் கவனம் இருக்குமா? 'ராஜினாமா' என்றே பெயர் வைத்தேன். மேலாளருக்கு ஒன்று, மேலிடத்துக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று மூன்று முறை அனுப்பினேன்.

அக்கா தன் திரையைப் பார்த்தார். பிறகு திரைக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் தட்டும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி வேகமாகக் கேட்டது. நாற்பத்தொன்றாவது பக்கத்தில் பிரிண்டர் பெருமூச்சு விட்டு ஓய்ந்தது.

எழுந்து போனேன். "அக்கா, என்னோடத நிறுத்தினீங்களா?"

"ஆமாங்க."

"ஏன்?"

"தப்பு இருக்குதுங்க."

"அந்த வித்தைய எங்கிட்ட காட்டாதீங்க. உள்ள இருக்கிறத உங்களால படிக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும்."

"பேரைப் படிச்சேனுங்க. தப்பு பேர்லயே இருக்குதுங்க தம்பி."

அதற்குள் வெளியே ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. மலைக்குக் கீழே, நாமக்கல் போகிற வழியில் சேந்தமங்கலத்தில் கூட்டம், நேரமாகிவிட்டது என்று டிரைவர் அவசரப்படுத்தியிருக்கிறார். மேலாளர் கையெழுத்தை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

மல்லிகாவின் அப்பா துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில் வந்தார். "ஏனுங்க, எங்க லெட்டரு வந்துருச்சுங்களா?"

அக்கா திரையைப் பார்த்தார். வரிசை காலியாக இருந்தது. என் மூன்று பிரதிகளையும் ஒவ்வொன்றாக எண் போட்டு நிறுத்தப் பார்த்திருக்கிறார்.  பதற்றத்தில் மூன்றாவது வார்த்தையை அடித்துவிட்டார். எல்லாம் போய்விட்டது. பட்டியலின் மீதி, என் ராஜினாமா, நடுவில் நின்ற மல்லிகாவின் கடிதம்.

அக்காவின் முகத்தில் ரத்தம் வற்றியதை அன்றுதான் பார்த்தேன். "கேன்சலை கேன்சல் பண்றதுக்கு அந்த இன்ஜினியரு வார்த்தை சொல்லிக் குடுக்கலீங்களே" என்றார். அவருக்குப் போன் போட்டோம். அணைத்து வைத்திருந்தார். எங்கள் ஊர் எண்ணைப் பார்த்தாலே அணைத்துவிடுவாராம்.

 மல்லிகா சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றே கால். அழாமல் அவள் அப்படிப் பார்த்தது எனக்குப் பொறுக்கவில்லை. ராஜினாமாவாவது ஒன்றாவது, உட்கார்ந்து கடிதத்தை மறுபடி தட்டினேன். அக்கா பின்னால் நின்று, வாழ்க்கையில் முதல் முறையாக, உள்ளே இருந்ததை உண்மையாகவே படித்தார்.

"தம்பி, மாணவின்னு அடிக்கறதுக்கு மனைவின்னு அடிச்சிருக்கீங்க."

பார்த்தேன். 'இம்மனைவிக்கு விடுதியில் இடமளிக்குமாறு' என்று இருந்தது.

"கலியாணமாகாத பசங்களுக்கு வர்ற தப்புங்க இது. மாத்துங்க."

மாற்றினேன். அச்சாகி வந்தது. பன்னிரண்டு மணி பஸ்ஸில் அப்பாவையும் மகளையும் சேந்தமங்கலம் போய் நிற்கச் சொன்னோம். கடிதத்தோடு நான் பைக்கை எடுத்தேன். அக்கா சாப்பாட்டுப் பையில் அலுவலக முத்திரையையும் மைப்பெட்டியையும் போட்டுக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார். "தப்பு என்னுது. நானே வந்து சொல்றேனுங்க."

எழுபது வளைவுகளை அவர் கண்ணை மூடிக்கொண்டே எண்ணினார். ஒவ்வொரு திருப்பத்திலும் என் தோளுக்குப் பின்னால் ஒரு எண் கேட்கும். அறுபத்தி நாலு. அறுபத்தி மூணு. ஒரு வளைவில் குறுக்கே குரங்கு வந்தபோதுகூட எண் தப்பவில்லை. இருபத்தி மூணு என்றவர், அதோடு சேர்த்து வேறொன்றும் சொன்னார்.

"நானும் ஒருக்கா எழுதிக் குடுத்தேனுங்க தம்பி. கீழ ஒரு பள்ளிக்கூடத்துல டைப்பிங் டீச்சரா இருந்தப்ப. ஒரு வார்த்தை பொறுக்காம. அன்னிக்கு அதை யாரும் நிறுத்தல. எட்டு வருசம் ஊட்ல உக்காந்திருந்தேன். இருபத்தி ரெண்டு."

கூட்டம் நடந்த மண்டபத்துக்குள் அக்கா செருப்போடு நேராக நடந்து போனார். நான் பின்னால் போனேன். மேலாளர் மேடையில் இல்லை, நல்லவேளை. கடைசி வரிசையில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.

"சார், நீங்க அனுப்புன லெட்டரு கேன்சல் ஆயிருச்சுங்க. மறுபடி அடிச்சுக் கொண்டாந்திருக்கறோம். கையெழுத்து வேணுங்க."

"கேன்சல் ஆயிருச்சா? எப்படி?"

அக்கா சொன்னார். "என் கை தவறிருச்சுங்க சார்."

தாஜ்மகால் மேலாளரின் நெஞ்சில் இன்னும் அந்தரத்தில்தான் நின்றிருக்க வேண்டும். பிஸ்கட்டைக் கீழே வைத்தார். "உங்க கையா? தவறுச்சா? ஒரு பொண்ணு வாழ்க்கையில விளையாடியிருக்கீங்க. இனிமே அந்தக் கருப்புத் திரையை நீங்க தொடவே கூடாது." சுற்றி இருந்த மற்ற அலுவலகத்துக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

காலையில் என்னை அவர் திட்டும்போது எரிந்ததைவிட அதிகமாக எரிந்தது. "சார், அது வந்து..." என்று ஆரம்பித்தேன். என் கால்மேல் ஒரு ரப்பர் செருப்பு ஏறி அழுத்தியது. "சீலு வைக்கோணுங்க சார். தம்பி மைப்பெட்டியப் பிடிச்சுக்குவாரு" என்றார் அக்கா. அவர் கண் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் மைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். 

மேலாளர் கையெழுத்துப் போட்டார். அக்கா சீல் வைத்தார். பஸ் நிறுத்தத்தில் மல்லிகா கடிதத்தை வாங்கி முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு எதாச்சும் ஆயிருமாங்கக்கா?" என்றாள்.

"எனக்கென்ன கண்ணு. நீ பஸ்ஸப் பிடி."

நாலரை மணிக்கு அவள் அப்பா யாரோ ஒருவர் போனிலிருந்து கூப்பிட்டார். கடிதத்தை வாங்கிக்கொண்டார்கள், இடம் உண்டு என்றார். அக்கா பஸ் நிறுத்தத்துச் சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்து, அதற்குப் பிறகுதான் மத்தியானச் சாப்பாட்டைத் திறந்தார். ஒரு வாய் தின்றுவிட்டு, "நாளைக்கு மறுக்காவும் அனுப்புனீங்கன்னா என்னால நிறுத்த முடியாதுங்க தம்பி. தொடக் கூடாதுன்னுட்டாரு" என்றார்.

"அனுப்பலக்கா."

"செரிங்க."

தடை ஒன்பது நாள் இருந்தது. பத்தாம் நாள் மேலாளர் எதையோ அனுப்ப, பிரிண்டர் பக்கத்துக்கு ஒரு வரி அடிக்க ஆரம்பித்தது. பிளக்கைப் பிடுங்கினார். செருகினார். காகிதத்தை உருவினார். வைத்தார். அக்கா மொச்சை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அரைக் கட்டு போன பிறகு மேலாளர் அவர் மேசைக்கு வந்தார்.

"அந்தக் கருப்புத் திரையக் கொஞ்சம் பாரும்மா."

"தொடலாங்களா சார்?"

"தொடுங்க."

"எழுத்துல குடுங்க சார்."

பிரிண்டர் அப்படி இருக்கும்போது வேறு வழியில்லாமல் அவர் கையாலேயே எழுதிக் கொடுத்தார். அக்கா அதை வாங்கிப் படித்தார். "அதுல ஒரு தப்பு இருக்குதுங்க" என்றார். மேலாளர் பார்த்தார். இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அந்த மலையில் இருந்தேன். பனியும் பழகியது, ஸ்வெட்டர் ஒன்றாகக் குறைந்தது. ஆனால் மேலாளரிடம் உண்மையைச் சொல்ல அக்கா ஒருநாளும் விடவில்லை. வாயெடுத்தாலே, "போன காரியத்த எதுக்குங்க மறுக்கா வரிசைல நிறுத்தறீங்க" என்பார். மல்லிகா இப்போது மலையிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என்று கேள்வி.

நான் இப்போது ஊர்ப் பக்கம், கடல் தெரிகிற ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். காளப்பநாயக்கன்பட்டியில் இந்தப் பத்திரிகையை வாங்குகிறவர்கள் யாராவது இருந்தால், படித்து முடித்ததும் அக்கா வீட்டில் கொடுத்துவிடுங்கள். பஸ் நிறுத்தத்தில் கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் அவர் ஏற்றுக்கொண்ட தப்பு என்னுடையது என்று சொல்லுங்கள். அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். இருந்தாலும் சொல்லுங்கள்.